வில் செய்யக் கற்பிக்க எத்தனை கருவி வேண்டும்? தென் இங்கிலாந்தில் ஐந்து நாள்

முதல் நாள், புதன்: போர்ட்ஸ்மவுத்

இன்று காலை லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறியபோது என் தோள்பையில் கித்தான் துணியில் சுருட்டிய இரண்டு உளிகளும், ஒரு மர அரமும், 23 கருவிகளின் பெயர்களை எழுதிய ஒரு பட்டியலும் இருந்தன. தகுந்த காரணமின்றிக் கூரிய கருவியுடன் பொது இடத்தில் நடமாடுவது இந்த நாட்டில் குற்றம் என்பதால், நாளை மறுநாள் சேரப்போகும் வில் பட்டறை அனுப்பிய கடிதத்தையும் அச்செடுத்து அவற்றோடு வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

பட்டியலின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்கு லண்டனில் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சனிக்கிழமை மரவேலை வகுப்பில், வரும் ஜனவரி முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு மர வில் செய்யக் கற்பிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஐந்து பேர் ரம்பத்தைக் கையில் பிடித்தே அறியாதவர்கள். நானோ கும்பகோணத்தில் மாமாவின் தச்சுப்பட்டறையில் இழைப்புளியையும் கொட்டாப்புளியையும் பார்த்து வளர்ந்தவன். கருவி என்றால் கை தானாக நீளும். அந்த ஆசையின் விளைவுதான் 23. எட்டுப் பேருக்கு அவ்வளவையும் வாங்குவது கட்டுப்படியாகாது என்பது ஒருபுறமிருக்க, அத்தனையையும் பிடிக்கப் பழக்குவதற்குள் பன்னிரண்டு வாரமும் ஓடிவிடும். எதை வைத்துக்கொள்வது, எதை அடிப்பது என்று முடிவு செய்யவே இந்தப் பயணம்.

போர்ட்ஸ்மவுத் துறைமுக நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் மேரி ரோஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் இந்தப் போர்க்கப்பல் 1545 ஜூலை 19 அன்று சோலண்ட் நீரிணையில் மூழ்கி, 1982 அக்டோபர் 11 அன்று வெளியே தூக்கப்பட்டது. அதிலிருந்து முழுதாகக் கிடைத்த விற்கள் 137. அம்புகள் 3,500க்கும் மேல். விற்கள் பெரும்பாலும் யூ (yew) என்னும் ஊசியிலை மரத்தில் செய்தவை. சராசரி நீளம் சுமார் 1.98 மீட்டர். அவற்றின் இழுவிசை, அதாவது நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசை, ஏறக்குறைய 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் செய்யப்போவது 25 முதல் 30 பவுண்டு, அதாவது 11 முதல் 14 கிலோ இழுவிசையுள்ள வில். கண்ணாடிக்குள் கிடந்த அந்தக் கருத்த கம்புகளைப் பார்த்தபோது, நாங்கள் செய்யப்போவதை வில் என்று சொல்லலாமா என்றே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது கப்பல் தச்சரின் கருவிகளுக்கு முன்னால். இரும்பு கடல் நீரில் கரைந்துபோக, பெரும்பாலும் மரப்பாகங்களே மிஞ்சியிருக்கின்றன: அலகில்லாத இழைப்புளிகள், வெறும் பிடிகள், கொட்டாப்புளி, அளவுகோல். வெட்டும் பாகம் போய்விட்டாலும் எந்தக் கருவி எதற்கானது என்பது பிடியின் வடிவத்திலேயே தெரிகிறது. ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்ஸி மனிதனின் நினைவும் வந்தது. அவனுடன் இருந்த யூ வில் முடிக்கப்படாதது. அதன் மேல் கோடாரி சீவிய தடங்கள் அப்படியே தெரிகின்றன, அவனிடம் இருந்தது ஒரு செப்புக் கோடாரி. என் பட்டியலில் இழைப்புளி மட்டும் மூன்று வகை இருந்தது. இரண்டை அங்கேயே அடித்துவிட்டேன்.

இரண்டாம் நாள், வியாழன்: கிங்லி வேல்

நேற்றிரவு சிச்செஸ்டரில் தங்கிவிட்டு, இன்று காலை நகரின் வடமேற்கே சில மைல் தொலைவிலுள்ள கிங்லி வேல் என்னும் யூ மரக்காட்டுக்குப் போனேன். மேற்கு ஐரோப்பாவின் சிறந்த யூ காடுகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். பள்ளத்தாக்கின் அடியில் நிற்கும் கிழமரங்களின் கிளைகள் தரையைத் தொட்டு, வேரூன்றி, மறுபடி எழுந்து நிற்கின்றன. பழம் சிவக்கும் பருவம். சதைப்பற்றுள்ள அந்தச் சிவப்பு உறையைத் தவிர மரத்தின் மற்றெல்லாப் பாகமும், விதை உட்பட, நஞ்சு.

காட்டைச் சுற்றிப் பார்ப்பது மட்டும் என் நோக்கமன்று. வகுப்புக்கு யூ மரம் வாங்கலாமா என்ற சபலம் மனத்தில் இருந்தது. ஒரே கட்டையில் இரண்டு குணம் அதற்கு: வெளியே உள்ள வெண்மரம் இழுவையைத் தாங்கும், உள்ளே உள்ள வைரம் பாய்ந்த மரம் அழுத்தத்தைத் தாங்கும். வில் வளையும்போது எய்பவனுக்கு எதிர்ப்புறம் நீள்கிறது, அவன் பக்கம் நசுங்குகிறது. எனவே இந்த மரத்தில் வில் ஏற்கெனவே பாதி செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் இங்கிலாந்திலேயே இது எப்போதும் போதுமான அளவு கிடைத்ததில்லை. நான்காம் எட்வர்ட் 1472இல் கொண்டுவந்த சட்டப்படி, இறக்குமதியாகும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கட்டைகளைச் சேர்த்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. இன்றும் நல்ல யூ கட்டை விலை கூடியது. அதைவிட முக்கியமானது தூள்: யூவை அரத்தால் அராவும்போது பறக்கும் தூள் மூச்சுக்கு ஆகாது. எட்டுப் பேர் ஒரே அறையில் அராவுவதை நினைத்துப் பார்த்தேன். யூ வேண்டாம்.

மரத்தை முடிவு செய்யாமல் கருவியை முடிவு செய்ய முயன்றதுதான் என் பட்டியலின் முதல் கோளாறு என்பது, ஒரு கிழ யூவின் வேரில் உட்கார்ந்து ரொட்டி தின்றபோது உறைத்தது. பலகையாக அறுத்து வாங்கும் மரமென்றால் ரம்பமும் இழைப்புளியும் வேண்டும். காட்டிலிருந்து வந்த பிளந்த கம்பென்றால் ஆப்பும் கோடாரியும் வேண்டும். இரண்டுக்குமாகச் சேர்த்துப் பட்டியல் போட்டால் அது 23 ஆகத்தான் வளரும்.

மூன்றாம் நாள், வெள்ளி: பட்டறை

சிச்செஸ்டருக்கு வடக்கே, ஹேசல் மரங்களை அடியோடு வெட்டி மறுபடி தழையவிடும் ஒரு தோப்புக்குள் பட்டறை இருக்கிறது. மேலே தார்ப்பாய், கீழே சிராய் மெத்தை. மாணவர்கள் ஆறு பேர்: ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், பொறியாளர் ஒருவர், தந்தையும் பதினைந்து வயது மகளும், ஒரு பள்ளி ஆசிரியர், நான். கற்பிப்பவர் அறுபதை ஒட்டிய அம்மையார். இரண்டு நாளில் ஆளுக்கொரு வில்லோடு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருந்தார். இந்தக் கெடு அவருடைய கருவித் தேர்வு முழுவதையும் தீர்மானித்திருந்தது.

மேசையில் இருந்தவை: ஆளுக்கு ஓர் அரம், ஒரு சுரண்டி, ஒரு பென்சில். ஆறு பேருக்கும் பொதுவாக ஒரு கைக்கோடாரி, ஓர் எலிவால் அரம், இரண்டு இழுகத்திகள். இருபுறமும் பிடி வைத்து, தன் பக்கமாக இழுத்துச் சீவும் கத்தியைத்தான் இழுகத்தி என்கிறேன். நான் அதைக் கஞ்சத்தனம் என்றே நினைத்தேன்.

அரங்கள் கடையில் வாங்கியவை அல்ல. குதிரைக்கு லாடம் கட்டுபவர்கள் குளம்பைத் தேய்க்கப் பயன்படுத்தி, மழுங்கியதும் ஒதுக்கிவிடும் நீண்ட அரங்கள். ஒரு முகத்தில் பெரிய பற்கள், மறுமுகத்தில் நெருக்கமான வரிப்பற்கள். குளம்புக்கு உதவாதென்று கழித்த அந்த மழுங்கல், மரத்துக்கு இன்னும் போதுமான கூர்மையோடு இருக்கிறது. நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு என்பதால் இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளலாம். குறுக்கே நீளமாகப் படிவதால் ஒரே இடத்தில் குழி விழுவதும் குறைவு.

மரம் ஹேசல், இரண்டு குளிர்காலம் முன்பு வெட்டி, ஆப்படித்துப் பிளந்து, வெடிக்காமலிருக்க இரு முனைகளிலும் பெயின்ட் பூசி உலர்த்தியது. புதியவர்களுக்கு இதில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. வில்லின் புறத்தில், அதாவது எய்பவனுக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரே வளர்ச்சி வளையம் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓட வேண்டும். அறுபட்ட இடத்தில் இழை பெயர்ந்து வில் உடையும். மற்ற பல மரங்களில் அந்த ஒற்றை வளையத்தைக் கத்தியால் தேடி வெளிக்கொணர்வதே ஒரு நாள் வேலை. ஹேசலில் பட்டையை உரித்தால் அடியில் இருப்பதே அந்த வளையம். அதன்பின் புறத்தை யாரும் தொடக்கூடாது, வேலையெல்லாம் அகத்தில்தான். ஆங்கிலத்தில் முதுகு, வயிறு என்பார்கள். அகம், புறம் என்றே சொல்லித்தர நான் முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு இழுகத்திகளில் ஒன்றின் பிடியில் சிவப்பு நாடா சுற்றியிருந்தது; அது கூரானது. மற்றதை அம்மையார் வேண்டுமென்றே மொக்கையாக வைத்திருக்கிறார். காய்ந்த பட்டையை அதனால் சுரண்டினால், பட்டை பொருக்குப் பொருக்காக உதிருமே தவிர, கீழே உள்ள வெண்மரத்தில் கீறல் விழாது. அலகை எப்போதும் தீட்டி வைக்கப் பழக்கிய தச்சர் வீட்டிலிருந்து வந்த எனக்கு, மொக்கையைப் பாதுகாக்கும் ஒருவரைப் பார்ப்பது புதுமை. கம்பை இறுக்கிப் பிடிக்க வைஸ் இல்லை. குதிரைபோல் ஏறி உட்கார்ந்து, காலால் ஒரு கட்டையை மிதித்தால் மேலே உள்ள தலை கம்பைக் கவ்விக்கொள்ளும் பெஞ்சு ஒன்று. காலை விட்டால் பிடி விடும் என்பதால், சீவுவதும் திருப்பிப் பார்ப்பதும் மூச்சு விடுவதுபோல் மாறி மாறி நடக்கின்றன. வைஸில் மாட்டினால் கழற்றிப் பார்க்கச் சோம்பல் வரும்.

மாலையில் அந்தக் கஞ்சத்தனத்துக்கான கணக்கைச் சொன்னார். தட்டையான ஒரு மரத்துண்டின் விறைப்பு அகலத்துக்கு நேர் விகிதத்திலும், கனத்துக்கு அதன் மும்மடி விகிதத்திலும் மாறும். 40 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் விறைப்பு இரண்டரை விழுக்காடு குறையும். 12 மில்லிமீட்டர் கனத்தில் அதே ஒரு மில்லிமீட்டரைக் குறைத்தால் 23 விழுக்காடு போய்விடும். கூரான இழுகத்தி ஒரே இழுப்பில் ஒரு மில்லிமீட்டரை எடுத்துவிடும். நான் கனம் அளக்கும் கருவி வைத்துப் பார்த்தேன்: அரத்தால் ஒரு சாண் நீளத்தில் அரை மில்லிமீட்டர் குறைக்க எனக்கு ஐம்பது தள்ளலுக்கு மேல் ஆனது. ஐம்பது தள்ளலுக்குள் புதியவர் குறைந்தது இரண்டு முறையாவது நிறுத்திப் பார்ப்பார்.

நான்காம் நாள், சனி: வளைவு

நேற்று வில்லின் உருவம் வந்தது. இன்று முழுவதும் அதை வளையப் பழக்கினோம். பிடிக்கு இருபுறமும் உள்ள வில்லின் இரண்டு கைகளும் ஒரே அளவில், ஒரே வட்டத்தின் துண்டுகளைப்போல் வளையும்வரை அகத்தில் சிறிது சிறிதாகக் குறைக்கும் இந்த வேலையை இங்கே டில்லரிங் என்கிறார்கள். எல்லோருமே தடுமாறிய கட்டமும் இதுதான்.

முதலில் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, நடுவில் உள்ளங்கையால் அழுத்தி, எவ்வளவு வளைகிறது என்று பார்க்க வேண்டும். ஓரளவு இசைந்ததும் தொளதொளப்பான நீண்ட கயிற்றைப் பூட்டி, சுவரில் பதித்த கட்டையின்மேல் வில்லைக் கிடைமட்டமாக உட்காரவைப்பார்கள். கயிற்றின் நடுவிலிருந்து இன்னொரு கயிறு இறங்கி, தரையருகே உள்ள கப்பியைச் சுற்றி வரும். இடையில் ஒரு ஸ்பிரிங் தராசு. இழுப்பவர் மூன்று மீட்டர் தள்ளி நிற்பார். வில் முறிந்தாலும் துண்டு முகத்தில் அடிக்காது என்பது ஒரு வசதி. எனக்குப் பெரிதாகப் பட்டது, தன் கையில் வளையும்போது யாராலும் பார்க்க முடியாத வளைவை மூன்று மீட்டர் தள்ளி நின்று முழுதாகப் பார்க்கலாம் என்பதே. சுவரில் சாக்குக்கட்டியால் கட்டங்கள் கோடிட்டிருந்தார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் எந்தக் கை விறைத்திருக்கிறது என்பது செவிலியருக்கு என்னைவிடச் சீக்கிரம் தெரிந்தது.

என் 23இல் இல்லாத கருவி ஒன்றையும் இன்றுதான் கண்டேன். ஒரு சாணுக்கும் குறைவான நேரான கட்டை, நடுவில் துளை, துளையில் இறுக்கமாகச் செருகிய பென்சில். நாண் பூட்டி வளைந்திருக்கும் வில்லின் அகத்தில் கட்டையை வைத்தால் அதன் இரு முனைகள் மட்டும் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். மிகுதியாக வளைந்த இடத்தில் வைத்து, பென்சில் நுனி மயிரிழையில் தொடாமல் நிற்கும்படி தள்ளிக்கொள்ள வேண்டும். பிறகு கட்டையை முனைவரை நகர்த்தினால், வளைவு குறைந்த விறைப்பான இடங்களில் மட்டும் பென்சில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தை அராவு, மற்றதைத் தொடாதே. வளைவைப் பார்க்கத் தேறாத கண்ணுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கட்டை வேலை செய்கிறது. இதைச் செய்யப் பத்து நிமிடம் போதும்.

இனி என் தவறு. மதியத்துக்கு முன் என் வில்லின் மேல்கை, பிடியை ஒட்டி விறைத்திருந்தது. தராசு 40 பவுண்டைத் தாண்டியது. அரத்தால் ஒரு மணி நேரம் ஆகும் என்று தோன்ற, சிவப்பு நாடா கத்தியை எடுத்து இரண்டே இழுப்பு இழுத்தேன். இரண்டாவது இழுப்பில், சிறு கணு ஒன்றின் ஓரத்தில் இழை உள்நோக்கி ஓடியிருந்தது. கத்தி தன் போக்கில் அதைப் பின்தொடர்ந்து இறங்கியது. சுவரில் ஏற்றி இழுத்தபோது, பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வில் முழங்கையைப்போல் மடங்கியது. மற்ற இடங்களையெல்லாம் அந்தப் பலவீனத்துக்கு ஏற்ப இறக்கிக்கொண்டு வந்ததில், 28 பவுண்டுக்கென்று தொடங்கியது 18இல் முடிந்தது. சின்னப் பிள்ளைக்கு ஆகும்.

இதனால் அரம் எடுத்தவர் பிழைத்தார் என்று சொல்லிவிட முடியாது. பொறியாளர் காலையிலிருந்து அரத்தைத் தவிர எதையும் தொடவில்லை. அவருடைய வில்லிலும் ஓர் மடிப்பு விழுந்தது. உட்கார்ந்த வாக்கில் கை எளிதாகப் போகும் இடம் ஒன்று எல்லோருக்கும் உண்டு. அவர் அதே இடத்திலேயே அராவிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கு அம்மையார் சொன்ன மருந்து மறுபடியும் பென்சில்தான்: குறைக்க வேண்டிய பரப்பு முழுவதையும் முதலில் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவிட வேண்டும், கிறுக்கல் மறையும்வரை அராவி, உடனே நிறுத்தி, வில்லை இருபது முறை மெல்ல இழுத்துவிட வேண்டும். குறைத்ததின் விளைவு மரத்தில் உடனே தெரியாது, இழுத்து இழுத்துத்தான் வெளிவரும். அதைப் பார்க்காமல் அடுத்த சுற்று போகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிடுகிறார்கள். குறிவைத்த இழுவிசையைத் தாண்டி ஒருமுறைகூட இழுக்கக்கூடாது என்ற விதிக்காகவே தராசு. தராசு இல்லாவிட்டால், அதிகமாக இழுப்பவரைத் தடுக்க வேறு வழியில்லை.

ஒரு விஷயத்தில் அவரோடு நான் உடன்படவில்லை. சுரண்டி என்பது அஞ்சலட்டை அளவுள்ள எஃகுத் தகடு. விளிம்பைக் கடினமான எஃகுத் தண்டால் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கியை உருவாக்கினால்தான் மெல்லிய சுருளாகச் சீவும், இல்லாவிட்டால் தூள்தான் கொட்டும். எல்லாச் சுரண்டிகளையும் அவரே தீட்டிக் கொடுத்தார். தீட்டக் கற்பிக்க அரைநாள் போய்விடும், இரண்டு நாள் வகுப்பில் அது முடியாது என்றார். அவர் கெடுவுக்கு அது சரி. எனக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கிறது. தன் சுரண்டியைத் தானே தீட்டத் தெரியாதவர் வீட்டில் இரண்டாவது வில்லைத் தொடங்கமாட்டார். எனவே தீட்டுதல் என் வகுப்பில் மூன்றாம் வாரம் வரும். அதே காரணத்தால் ஸ்போக்‌ஷேவ் என்ற சிறு கைச்சீவியையும் அவரைப்போல் முழுதாக ஒதுக்காமல், எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன்; ஆனால் நேரான இழையில், டில்லரிங் தொடங்குவதற்கு முன்பு மட்டும்.

ஐந்தாம் நாள், ஞாயிறு: சந்தையும் வீடும்

இந்த ஊர்ப்பக்கம் ஞாயிறு காலையில் வயல்வெளியில் கார்களை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, வீட்டில் தேவையற்றவற்றை விற்பார்கள். விடியற்காலையில் ஒன்றுக்குப் போனேன். குதிரை வளர்க்கும் பகுதி என்பதால் நினைத்தது நடந்தது: ஒரு வாளி நிறைய லாட அரங்கள். பிடி செருகும் பக்கத்தில் வளையாதவையாக, பற்களில் துரு ஆழமாக இறங்காதவையாக ஒன்பது பொறுக்கினேன். பற்களின்மேல் கட்டை விரலைக் குறுக்காக மெல்ல இழுத்தால் தோலைக் கவ்வ வேண்டும். வழுக்கினால் அது மரத்துக்கும் உதவாது.

பக்கத்து மேசையில் அழகான இழுகத்தி ஒன்று, பிடிகள் பாக்ஸ்வுட். நேற்று நடந்ததற்குப் பிறகும் கை நீண்டது. வாங்கிவிட்டேன். அதை மொக்கையாக்கிப் பட்டை உரிக்க வைத்துக்கொள்வேன் என்று விற்றவரிடம் சொல்லியிருந்தால் கொடுத்திருக்கமாட்டார்.

பட்டியல் இப்போது இப்படி நிற்கிறது: ஆளுக்கு அரம், சுரண்டி, பென்சில், பொதுவில் கைக்கோடாரி, இழுகத்தி இரண்டு, ஸ்போக்‌ஷேவ், நாண் மாட்டும் பள்ளத்துக்கு எலிவால் அரம், கனம் அளக்கும் கருவி, கப்பியும் கயிறும், தராசு, துளையிட்ட அந்தக் கட்டை. கடைசி நான்கும் எதையும் வெட்டாதவை. என் பழைய பட்டியலில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

தராசும் அதே சந்தையில் கிடைத்தது. கொக்கி மாட்டிய பழைய பித்தளைத் தராசு, பவுண்டில் குறியிட்டது, விலையும் மூன்று பவுண்டு. மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலங்கள் ஐந்தைத் துணிப்பையில் போட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தேன். 11 பவுண்டு காட்ட வேண்டும். பன்னிரண்டரை காட்டியது. பையில் இன்னும் ஐந்து சேர்த்தேன். 22க்குப் பதிலாக இருபத்து மூன்றரை. பிழை ஏறாமல் ஒரே ஒன்றரையில் நிற்பதால் பயன்படுத்தலாம். அந்த எண்ணை வெள்ளை நாடாவில் எழுதித் தராசின் முகத்தில் ஒட்டிவிட்டு, சர்க்கரையைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன்.